தற்காப்புக் கலைப் பயிற்சியில் அன்றாட வாழ்க்கைக்கு உண்மையில் வருவது எது?

#1 வெள்ளைப்பட்டை

பயிற்சிக் கூடத்துச் சுவரில் பொறுமை, ஒழுக்கம், மனவுறுதி என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு குதிரை நிலையில் நின்றவரே, வெளியே வந்து வண்டியை எடுத்ததும் முன்னால் போகிறவர் மேல் எரிந்து விழுவார். இந்த இடைவெளி ஏன்?

கராத்தே, ஜூடோ, சிலம்பம் எதுவானாலும் சரி, பயிற்சியிலிருந்து எதை வெளியே எடுத்துப் போகலாம், எப்படி? சுவரெழுத்து வேண்டாம். என்ன செய்வது, எத்தனை தடவை, எங்கே சறுக்கும் என்று சொல்லுங்கள். குறிப்பாக மூன்று விஷயம்: சட்டென்று வரும் கோபம், தோற்றுவிடுவோமோ என்று தொடங்காமலே இருப்பது, தொடங்கியதைப் பாதியில் விடுவது.

#2 ஐயப்பேர்வழி

முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். ஒன்றில் பழகினால் இன்னொன்றில் தானாகத் தேர்ச்சி வந்துவிடும் என்ற நம்பிக்கையை 1901-லேயே தார்ண்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். செவ்வகங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழக்கினார்கள். அதில் நன்றாகத் தேறியவர்கள், வடிவமும் அளவும் மாறியதும் தடுமாறினார்கள். இரண்டு வேலைக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் தாவும் என்பது அவர்கள் முடிவு.

ஆகவே "கராத்தே கற்றால் ஒழுக்கம் வரும்" என்பதன் பொருள், கராத்தே கூடத்தில் ஒழுக்கம் வரும் என்பதுதான். அதற்கு மேல் சொல்கிறவரிடம் ஆதாரம் கேட்க வேண்டும்.

#3 காலடி

அந்த முடிவிலேயே வழியும் இருக்கிறது. பொதுக் கூறு இருந்தால்தான் தாவும் என்றால், பொதுக் கூறை நாமே உண்டாக்கிவைக்க வேண்டியதுதான். 'தைரியம்' என்பதைக் கையில் பிடித்து எடுத்துப்போக முடியாது. 'அடி வரும்போது மூச்சை வெளியே விடு' என்பதை எடுத்துப்போகலாம். கூடத்திலும் அதே மூச்சு, மேலதிகாரி அறையிலும் அதே மூச்சு.

எந்தக் கொள்கையைக் கேட்டாலும் மூன்று கேள்வி போடுங்கள். உடம்பில் அது எந்த அசைவு? எதைக் கண்டதும் அந்த அசைவு? கூடத்துக்கு வெளியே அதைப் போன்ற ஒன்று எப்போது எதிர்ப்படுகிறது? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அதைச் சுவரிலேயே விட்டுவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிரே நிற்பவர் தோளை அசைத்ததும் புதிதாகச் சேர்ந்தவர் கண்ணை மூடுவார், மூச்சைப் பிடிப்பார், இரண்டு கையையும் தூக்குவார். பழகியவர் மூச்சை விடுவார், கால் நகரும், கை அதன் பிறகுதான். சிலம்பத்தில் கம்பைக் கொடுக்குமுன் காலடியைச் சொல்லித்தருவதும் இதற்காகத்தான். வேலையிடத்தில் "இது சரியில்லையே" என்று ஒருவர் சொல்லும்போது நடப்பதும் அதேதான்: மூச்சு நிற்கிறது, தாடை இறுகுகிறது, வாய் முந்துகிறது. இங்கே வாய்தான் கை. எனவே வரிசையை இப்படிப் பழக்க வேண்டும்: மூச்சு வெளியே, இரண்டு பாதமும் தரையில் அழுத்தம், பிறகு ஒரே ஒரு கேள்வி, "எந்த இடம் சரியில்லை?"

பழக்குவது எப்படி என்றால், வீட்டில் ஒருவர் அந்த வாக்கியத்தைச் சாதாரணக் குரலில் சொல்லட்டும், நீங்கள் மூன்று அசைவையும் செய்யுங்கள். 10 தடவை, 3 நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து அவர் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கலாம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: கோபம் வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். மோதலின் நடுவே தடுப்பைக் கற்றுக்கொள்ள முயல்வது போன்றது அது.

#4 தரைவிரிப்பு

தொடங்கவே பயம் என்ற கேள்விக்கு ஜூடோவில் முதல் வாரத்திலேயே பதில் இருக்கிறது. எறியச் சொல்லித்தருமுன் விழச் சொல்லித்தருகிறோம். உகேமி என்று பெயர்.

பக்கவாட்டு விழுதலை எடுத்துக்கொள்வோம். முகவாய் நெஞ்சோடு ஒட்டி, கண் தன் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஒரே நேரத்தில் தரையை அறைய வேண்டும், உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை விலகி. கை தோள் உயரத்துக்குப் போய்விட்டால் அதிர்ச்சி தோள்மூட்டில் இறங்கும். விழும் கணத்தில் மூச்சு வெளியே. எல்லாவற்றிலும் மோசமான தவறு, விழாமலிருக்கக் கையை நீட்டி ஊன்றுவது. மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் அப்படித்தான். விழுந்ததைவிட, விழமாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் அடியைக் கொடுக்கிறது.

உயரத்தையும் படிப்படியாகக் கூட்டுவோம். மல்லாந்து படுத்த நிலையில் கையை மட்டும் அறைவது, குந்திய நிலையிலிருந்து, நின்ற நிலையிலிருந்து, கடைசியாக இன்னொருவர் எறிய. முந்தைய படியில் 20 தடவை தலை தரையைத் தொடாமல் இருந்தால் அடுத்த படி என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே இதையே தோல்விக்குச் செய்யுங்கள். 'படுத்த நிலை' என்பது மறுத்தாலும் ஒன்றும் ஆகாத கோரிக்கை: கூட்டத்தின் நேரத்தை 15 நிமிடம் தள்ளிவைக்கக் கேட்பது மாதிரி. 'குந்திய நிலை' என்பது முடியாத வரைவை நம்பகமான ஒருவரிடம் காட்டுவது. 'நின்ற நிலை' என்பது தெரியாதவர்கள் முன் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் விழும் முறையை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: மறுத்தால் என்ன சொல்வேன், அடுத்த 10 நிமிடம் என்ன செய்வேன். "சரி, சொன்னதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து நடப்பதே போதும். எழுதிவைக்காதவர்தான் கையை நீட்டி ஊன்றுவார், அதாவது அங்கேயே வாதாடத் தொடங்குவார்.

#5 வெள்ளைப்பட்டை

இது புரிகிறது. எதிரே ஆள் இல்லாத நேரத்துக் கோபத்துக்கு என்ன செய்வது? கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது, படித்ததும் விரல் தானாக ஓடுகிறது.

#6 கம்புசுத்தி

அது தூரக் கணக்குங்க. கம்புச் சண்டையில பாதி வேலை தூரத்தைப் பிடிக்கிறதுதான். கெண்டோக்காரங்க, அதாவது ஜப்பான் வாள்சண்டை பழகுறவங்க, இதை மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க. தோமா, எட்டாத தூரம். இஸ்ஸோகு இத்தோ, ஒரு அடி எடுத்து வச்சா வெட்டும் எட்டும், ஒரு அடி பின்வாங்குனா தப்பிச்சும் போகலாம். சிக்காமா, நின்ன இடத்துலயே அடி விழும். நடுத் தூரத்துல நின்னாத்தான் யோசிக்க நேரம் இருக்கும். நெருங்கிட்டா யோசனை கிடையாது, பழக்கம் மட்டும்தான் பேசும்.

கைப்பேசி எந்நேரமும் சிக்காமாவுல இருக்கு. செய்தியும் பதில் பெட்டியும் ஒரே திரையில, இடையில அரை அங்குலம். அதனாலதான் கை முந்துது. தூரத்தைக் கூட்டணும்னா, படிக்கிற இடத்தையும் பதில் எழுதுற இடத்தையும் பிரிச்சிடுங்க. எரிச்சல் தர்ற செய்திக்கு அந்தப் பெட்டியிலேயே பதில் எழுதாதீங்க. தனியா ஒரு குறிப்புச் செயலியில இல்ல தாளுல எழுதுங்க, அங்க 'அனுப்பு' பொத்தானே கிடையாது. எழுதிட்டு எழுந்து போய் ஒரு வேலை முடிச்சுட்டு வந்து படிங்க. வேலை செய்யுற நேரத்துல கைப்பேசி வேற அறையில இருக்கட்டும். மேசையிலேயே கவுத்து வச்சா பத்தாது, கை நீட்டினா எட்டுதுன்னா அது தோமா இல்ல.

தூரம்னா அடியில மட்டும் இல்ல, நேரத்துலயும் உண்டு. பசியோட, தூக்கம் கெட்டு ஒரு பேச்சுக்குப் போனா சிக்காமாவுல தொடங்குற மாதிரிதான்.

#7 ஐயப்பேர்வழி

நல்ல உவமை, ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. எப்போதும் தோமாவில் நிற்கிறவர் அடி வாங்கமாட்டார், அடிக்கவும் மாட்டார். பேச வேண்டியதைப் பேசாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு "நான் தூரத்தைக் காக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ள இது வசதியான சாக்கு.

#8 கம்புசுத்தி

ஒத்துக்கிறேன். தூரத்தைக் காக்கிறது உள்ளே போறதுக்காகத்தான். அதனால பின்வாங்கும்போதே திரும்பி வர்ற நேரத்தையும் சொல்லிட்டுப் போகணும். "இதைப் பத்தி நாளைக்குக் காலை 10 மணிக்குப் பேசலாமா?" அவ்வளவுதான். நேரம் சொல்லாமப் போனா எதிராளிக்கு அது கதவைச் சாத்தின மாதிரி.

உள்ளே போறதுலயும் வகை இருக்கு. அவர் அடிச்சு முடிச்ச இடைவெளியில போறது கோ நோ சென். அவர் கிளம்புற அதே கணத்துல போறது சென் நோ சென். பேச்சுல பழகாதவங்களுக்கு முதல் வகையே போதும்: அவர் சொல்லி முடிக்கட்டும், ரெண்டு நொடி போகட்டும், அப்புறம் பேசுங்க. குறுக்கே பாயுறது ரெண்டாவது வகை மாதிரி தோணும். தோணும், அவ்வளவுதான். நேரக் கணிப்பு வராதவர் பாய்ஞ்சா ரெண்டு பேருக்கும் ஒண்ணா அடி விழும்.

#9 நிதானம்47

மூச்சைப் பற்றி மேலே ஒரு வரியில் போய்விட்டார்கள். அதில் தவறு அதிகம் நடப்பதால் கொஞ்சம் விரிவாக.

"ஆழமாக மூச்சை இழு" என்ற அறிவுரை பாதி உதவாது. பதற்றத்தில் இருக்கிறவர் ஏற்கெனவே மார்பு நிறையக் காற்றை வைத்திருப்பார், அதற்கு மேல் இழுத்தால் தலை கிறுகிறுக்கும். முதலில் முழுதாக வெளியே விடுங்கள். பிறகு மூக்கால் 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கு வரும். 5 நிமிடம். தோள் ஏறி இறங்கினால் மேல்மார்பால் மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள், ஒரு கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள். வெளியே விடுவதை நீட்டி மூச்சு திணறினால் 3-க்கு 5 என்று குறைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்காக உடம்பை வருத்த வேண்டியதில்லை.

அமைதியாக உட்கார்ந்து மட்டும் பழகினால் அமைதியாக உட்காரும்போது மட்டும் வரும். ஐயப்பேர்வழி சொன்ன செவ்வகக் கதைதான். அதனால் இதைக் குதிரை நிலையில் செய்து பாருங்கள்: கால் தோளைவிட அகலம், முழங்கால் பாதவிரல் நோக்கி, முதுகு நேராக. 30 நொடியில் தொடங்கி வாரத்துக்கு 15 நொடி கூட்டுங்கள், 2 நிமிடம் போதும். தொடை எரியத் தொடங்கும்போது மூச்சு நிற்கப் பார்க்கும். அந்தக் கணத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அங்கேயே எழுந்துவிட வேண்டும், இல்லையேல் மூட்டுவலிதான் மிஞ்சும். ஏற்கெனவே மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் சுவரில் முதுகு சாய்த்து, கொஞ்சம் மேலாகவே நிற்கலாம்.

இன்னொன்று. தரையில் பிடித்து அமுக்கிப் பழகும்போது, பிடிபட்டவர் கையாலோ காலாலோ இரண்டு தட்டுத் தட்டினால் மற்றவர் உடனே விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. வீட்டுச் சண்டைக்கும் இப்படி ஒரு தட்டு வேண்டும். அதை அமைதியான நாளிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரு சொல், அல்லது மேசையில் இரண்டு தட்டு. தட்டியதும் குறைந்தது 20 நிமிட இடைவேளை, உடம்பு தணிய அவ்வளவாவது ஆகும். தட்டியவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால் தட்டு ஓர் ஆயுதமாகிவிடும், தோற்கும்போதெல்லாம் தட்டுவார்கள்.

#10 காலடி

பாதியில் விடுவதைப் பற்றி யாரும் தொடவில்லை. அதற்கு ஸான்ஷின் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வேன். அடித்த பிறகும் விலகாத கவனம். கெண்டோவில் வெட்டு சரியான இடத்தில் பட்டாலே புள்ளி கிடைத்துவிடாது. வெட்டிய பிறகு உடம்பும் மனமும் தயார் நிலையில் இருக்க வேண்டும். வெற்றியைக் கொண்டாடிக் கையைத் தூக்கினால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்ப வாங்கிவிடலாம்.

வேலையிலும் நாம் நிறுத்துவது எப்போதும் களைத்த இடத்தில்தான், முடிந்த இடத்தில் அல்ல. மறுநாள் வந்து பார்த்தால் எங்கே விட்டோம் என்று தேடவே அரை மணி நேரம் போகிறது, அந்தத் தேடலுக்குப் பயந்தே வேலை கிடப்பில் கிடக்கிறது. எனவே ஒவ்வொரு அமர்விலும் கடைசி 3 நிமிடத்தை ஒதுக்குங்கள். அடுத்த அசைவை ஒரே வரியில், வினைச்சொல்லோடு எழுதுங்கள். "அறிக்கை" என்று எழுதினால் பயனில்லை. "இரண்டாம் பத்தியில் உள்ள எண்களைச் சரிபார்" என்று எழுத வேண்டும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள். பிறகு எழுந்திருங்கள். 3 நிமிடம் ஒதுக்க மறந்து, கடைசி நொடி வரை வேலை செய்துவிட்டு ஓடுவதுதான் வழக்கமான தவறு. மணி அடிக்கும் கருவியை 3 நிமிடம் முன்னதாக வையுங்கள்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று அடுத்து கேட்பீர்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வதை மறந்துவிடுங்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுவெண் 66 நாள், வீச்சு 18-லிருந்து 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). அதில் எனக்குப் பிடித்த செய்தி, ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பது. ஒரு நாள் விட்டதும் "போச்சு" என்று மொத்தமாகக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பழகும் விதத்திலும் ஒன்று. ஒரே குத்தை 100 தடவை, பிறகு ஒரே உதையை 100 தடவை என்று அடுக்கினால் அன்றைக்கு அழகாக வரும். ஆனால் 1979-ல் ஷே, மார்கன் செய்த சோதனையில், மூன்று கையசைவுகளைக் கலைத்துக் கலைத்துப் பழகியவர்கள் பழகும்போது மோசமாகச் செய்தார்கள், 10 நாள் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். எனவே முதல் சில நாள் அடுக்கிப் பழகுங்கள், வரிசை பிடிபட்டதும் கலைத்துவிடுங்கள். அந்த "இது சரியில்லை" வாக்கியத்தை எதிர்பாராத நேரத்தில் சொல்லச் சொல்லுங்கள், நடுநடுவே சாதாரணக் கேள்விகளும் வரட்டும்.

#11 தரைவிரிப்பு

மேலே எல்லாரும் "எதிராளி" என்று பேசுவது கொஞ்சம் உறுத்துகிறது. துணைவரையும் சக ஊழியரையும் எதிராளியாக வைத்துப் பழகினால், பழகியது அப்படியே வந்து நிற்கும். 1882-ல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ இரண்டு கொள்கை சொன்னார்: ஆற்றலை நல்ல முறையில் முழுதாகப் பயன்படுத்துவது ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து நலம்பெறுவது இன்னொன்று. எல்லாரும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எறியப் பழகும்போது எதிரே நிற்பவர் தன் உடம்பையே நமக்குக் கடனாகத் தருகிறார். அவருக்கு அடிபட்டால் நாளைக்குப் பழக ஆளில்லை.

நிலைகுலைத்தல், அதாவது குஸுஷி, வாழ்க்கைக்குப் பயன்படும் என்று பலர் எழுதுவார்கள். ஊன்றி நிற்கிறவரைத் தூக்கி எறிய முடியாது, எட்டுத் திசையில் எதை நோக்கியாவது எடை சாய்ந்த பிறகே எறிவு வரும். இதை மற்றவர்மேல் பயன்படுத்தினால் அது தந்திரம், உறவு நீடிக்காது. தன்மேல் பயன்படுத்துங்கள். அதிகாலையில் ஓட வேண்டும் என்று படுக்கையோடு மல்லுக்கட்டுவது ஊன்றி நிற்கும் ஆளைத் தள்ளுவது. ஓடும் காலணியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது, மணி அடிக்கும் கருவியை அறையின் மறுமூலையில் வைப்பது, இவைதான் நிலைகுலைத்தல். எழுந்து நாலு அடி நடந்த ஆளைத் தள்ளுவது சுலபம்.

#12 ஐயப்பேர்வழி

இப்போது உருப்படியாக இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: ஷு-ஹா-ரி என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். முறையை அப்படியே பின்பற்றுவது, உடைத்துப் பார்ப்பது, விட்டு விலகுவது என்று மூன்று கட்டம். இரண்டாம் வாரத்திலேயே "எனக்குப் பொருத்தமாக மாற்றிக்கொண்டேன்" என்பார்கள், மாற்றியதெல்லாம் கடினமான பகுதியாகவே இருக்கும். மாற்றும் முன் ஒரு சோதனை வைக்கலாம்: அந்தப் படி ஏன் இருக்கிறது என்று இன்னொருவருக்கு விளக்க முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் முதல் கட்டம்தான்.

#13 வெள்ளைப்பட்டை

எல்லாருக்கும் நன்றி. இப்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், குறை சொல்லுங்கள்:

காலையில் 4-6 மூச்சு 5 நிமிடம், குதிரை நிலை 30 நொடி, "சரியில்லை" பயிற்சி 10 தடவை, வாரம் மூன்று சின்னக் கோரிக்கை, ஒவ்வொரு வேலையின் முடிவிலும் 3 நிமிடம், கைப்பேசி வேறு அறை, வீட்டில் தட்டு விதி. திங்கட்கிழமை தொடக்கம்.

#14 காலடி

ஏழு விஷயம். முதல் வகுப்பிலேயே ஏழு கட்டா (வரிசையாகக் கோத்த அசைவுத் தொகுப்பு) சொல்லித்தர எந்த ஆசானும் சம்மதிக்கமாட்டார்.

கைப்பேசியை வேறு அறையில் வைப்பது பயிற்சி இல்லை, ஏற்பாடு. அதை இன்றே செய்துவிடலாம். தட்டு விதி ஒரு பேச்சு, வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் 10 நிமிடம். மீதி ஐந்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த 3 நிமிட முடிப்பைச் சொல்வேன். அது தினமும் கட்டாயம் வாய்ப்பு வருவது, யார் துணையும் வேண்டாதது. தாளில் இரண்டே நெடுவரிசை போதும்: தேதி, செய்தேனா இல்லையா. எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்று மதிப்பெண் போடாதீர்கள், அதைப் போடத் தொடங்கினால் தாளே சுமையாகிவிடும். 14 நாளில் 10 நாள் 'ஆம்' வந்தால் அடுத்ததைச் சேர்க்கலாம். வராவிட்டால் 3 நிமிடத்தை 1 நிமிடமாக்கி, அந்த ஒற்றை வரியை மட்டும் எழுதுங்கள்.

#15 கம்புசுத்தி

திங்கட்கிழமை எதுக்குங்க? இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் கைப்பேசியை வைக்கத்தானே போறீங்க. வைக்குற அறையை மாத்தி வைங்க.